திரைச்சீலைப் பிரிவில் சாலி

வடகிழக்கு லண்டனின் வால்தம்ஸ்டோவில் மூடிக் கிடக்கும் பழைய பல்பொருள் அங்காடி விரைவில் அடுக்குமாடி வீடுகளாகப் போகிறது. அதற்கு முன் உள்ளூர் வரலாற்றுக் குழுவினர் சனிக்கிழமைகளில் உள்ளே அழைத்துச் சென்று காட்டுகிறார்கள். கோவிலில் பழக்கமான சகுந்தலா அக்கா அங்கே பதினொரு வருடம் வேலை செய்தவர். "ஒருக்கா பாத்திட்டு வருவம், பிள்ளை" என்றார். ஏப்ரலில் போனோம்.

லூயிஷாமில் காலை 9.40க்கு ரயில். லண்டன் பிரிட்ஜிலும் யூஸ்டனிலும் மாறி, வால்தம்ஸ்டோ சென்ட்ரலில் இறங்கும்போது 10.45. அங்கிருந்து எட்டு நிமிட நடை.

வழிகாட்டி மார்கரெட், ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒற்றை அறைத் துணிக்கடையாகத் தொடங்கி, பக்கத்து வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்த கடையாம். அதனால் தளங்கள் ஒரே மட்டத்தில் இல்லை. நாலு எட்டு வைத்தால் ஒரு படி வந்துவிடும். ஒருகாலத்தில் மணமாகாத விற்பனைப் பெண்கள் கூரையடி அறைகளில் தங்கினார்களாம். அக்கா படிகளைப் பார்க்காமலே ஏறி இறங்கினார். எனக்குத்தான் இரண்டு தடவை கால் இடறியது.

இரண்டாம் மாடியில் ஊழியர்களின் குழுப்படம் ஒன்று மாட்டியிருந்தது. படத்தின் கீழே எல்லோருக்கும் முழுப்பெயர். ஓரத்தில் நின்ற பெண்ணுக்கு மட்டும் "சாலி, திரைச்சீலைப் பிரிவு". அவரைப் பற்றி மேலதிகமாக எதுவும் தெரியாது, ஆனால் பழைய வாடிக்கையாளர்கள் பலர் இன்றும் விசாரிக்கிறார்கள் என்றார் மார்கரெட்.

அக்கா படத்துக்குக் கிட்டப் போய் அந்தப் பெண்ணையே பார்த்தார். நான் மெதுவாகக் கேட்டேன்: "அக்கா, இது நீங்களோ?"

"ஓம். மனேஜருக்கு என்ர பேர் வாயில வரேல்லை. முதல் நாளே சாலி எண்டிட்டார்."

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"வந்த புதுசு. வேலை வேணுமே."

பிறகு அவரே மார்கரெட்டிடம் போய் ஆங்கிலத்தில் சொன்னார். மார்கரெட்டின் முகம் சங்கடத்தில் சிவந்துவிட்டது. பேனாவை எடுத்து, எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். சாலியை வெட்டிவிடவா என்றும் கேட்டார். அக்கா கொஞ்சம் யோசித்தார். வேண்டாம், சனங்கள் தேடி வந்தது சாலியைத்தான், அந்தப் பெயர் அடைப்புக்குறிக்குள் இருக்கட்டும் என்றார்.

வெளியே வந்தபோது 12.30. "மனேஜருக்கு நான் ஒரு சொல்லு அண்டைக்கே சொல்லியிருக்கலாம்" என்றார் அக்கா. பிறகு ரயிலில் நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.

போக விரும்புவோருக்கு: அனுமதி இலவசம், ஆனால் முன்பதிவு வேண்டும். லிப்ட் ஓடாது, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏலாது. அங்கே வேலை செய்த யாரையாவது தெரிந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். படங்களுக்குக் கீழே இன்னும் நிரப்பாத இடங்கள் இருக்கின்றன.