டவுட்டு காப்பி அடித்தானா?

தெருவில் பேச்சு இப்படித்தான். கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கிறானே டவுட்டு, அவன் பரீட்சையில் காப்பி அடித்து மாட்டிக்கொண்டவன். பிட்டைச் சாக்ஸுக்குள் செருகியிருந்தான் என்பது முடிவெட்டுகிறவர் கட்சி. இல்லை, சட்டைக் காலருக்குள் வைத்து அம்மாவே தேய்த்துக் கொடுத்தாள் என்பது எதிர்வீட்டு அக்கா கட்சி. பிடிபட்டதும் பிட்டை மென்று விழுங்கிவிட்டான், அதில் வயிறு பிடுங்கிக்கொண்டது என்று மருந்துக்கடைக்காரர் சத்தியமே செய்கிறார். மருந்து கொடுத்தவரே சொல்லும்போது யார் மறுப்பது?

மூன்றும் பொய். உண்மையில் நடந்ததைக் கேட்டால் முதலில் சிரிப்பு வரும். சிரித்திருக்க வேண்டாமோ என்று அப்புறம் தோன்றும்.

கல்லூரிக்குப் போகிறவரை அவன் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற ரகம். அம்மாவுக்குச் சட்டைக் கம்பெனியில் இஸ்திரி மேசையில் வேலை. அங்கே உட்காரக் கூடாது. நின்றால்தான் பெட்டி நன்றாக அழுந்துமாம், சூப்பர்வைசரின் கண்டுபிடிப்பு. சாயங்காலம் வீடு வந்து சேரும்போது அவள் கால் இரண்டும் தலையணை மாதிரி வீங்கியிருக்கும். வாளி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு தினமும் ஒரே பல்லவி பாடுவாள். கம்பெனி ஆபீஸில் ஒரு நாற்காலி காலியாகப் போகிறது. டிகிரி முடித்த தொழிலாளி பிள்ளைக்குத்தான் அது என்று மேனேஜரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அவன் அங்கே உட்கார்ந்துவிட்டால் அவள் வீட்டில் உட்கார்ந்துவிடலாம்.

கடைசி வருஷத்தில் எல்லோருக்கும் கட்டாயமாக ஒரு பாடம் இருந்தது. பெயர் 'ஆய்ந்து சிந்தித்தல்'. அதற்கு ஒரு கையேடு; கேள்வியும் விடையும் அதிலேயே தயாராக இருக்கும். வழக்கமான ஆசிரியர் லீவில் போக, தற்காலிகமாக ஓர் அம்மா வந்தார். வந்த அன்றைக்கே கையேட்டை மூடச் சொல்லிவிட்டுப் பலகையில் எழுதினார்: யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? வேறு காரணம் இருக்கலாமா?

மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். இவனை மட்டும் அது சொறி மாதிரி பிடித்துக்கொண்டது.

"நாளைக்கு மழை வரும், துணிய உள்ள எடு" என்பாள் அம்மா.

"எப்படிம்மா தெரியும்?"

"கால் வலிக்குதுடா."

"நேத்தும் வலிச்சுதே. மழை வரலையே."

"நேத்து நின்னதால வலிச்சுது. இன்னைக்கு மழையால வலிக்குது. துணிய எடுக்கறியா, இல்ல நான் எந்திரிக்கணுமா?"

முடிவெட்டுகிறவர், தான் விற்கிற எண்ணெயைத் தேய்த்தால் முடி புதராக வளரும் என்றார். இவன் கண்ணாடியில் தெரிந்த அவருடைய வழுக்கையைப் பார்த்துக்கொண்டே, "நீங்க தேய்க்கறதில்லையாண்ணா?" என்று கேட்டான். கடையே சிரித்தது. டவுட்டு என்று பெயர் வைத்தவர் அவர்தான். சாக்ஸ் கதை எங்கே முளைத்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

கையேட்டில் ஒரு கேள்வி: 'ஒரு தொழிற்சாலையில் பாட்டுப் பெட்டி வைத்த பிறகு உற்பத்தி கூடியது. இதிலிருந்து நீங்கள் அறிவது என்ன?' விடை: இசை களைப்பைப் போக்கும், மனதை உற்சாகப்படுத்தும், ஆகவே உழைப்பு பெருகும். வகுப்பில் டவுட்டு எழுந்து, "அந்த மாசம் ஆர்டர் அதிகமா வந்திருக்கலாமே, புது ஆள் சேர்த்திருக்கலாமே" என்றான். அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஆனால் பரீட்சை நெருங்கியபோது வராந்தாவில் அவனைத் தனியாக நிறுத்தினார்.

"பரீட்சையில கையேட்டுல இருக்கறதையே எழுதிடுப்பா."

"நீங்கதானே மேடம் அதை மூடச் சொன்னீங்க?"

"ஆமா, நான்தான் சொன்னேன். திருத்தறது நான் இல்லையே. அவங்க கையில அந்த விடைதான் இருக்கும். வரி இருந்தா டிக், இல்லன்னா சுழி. நீ முதல்ல பாஸ் பண்ணு."

அவன் கேட்கவில்லை. 'கொடுத்துள்ள தகவலை வைத்து எதுவும் சொல்ல முடியாது' என்று ஆரம்பித்து, ஏன் முடியாது என்பதை அழகாக விளக்கினான். ஃபெயில். வரிக்கு வரி ஒப்பித்த வகுப்பு முழுக்கப் பாஸ்.

அம்மா மேனேஜரிடம் போய் நின்றாள். நிற்பதுதான் அவளுக்குப் பழக்கமாயிற்றே. அடுத்த பரீட்சைவரைக்கும் நாற்காலியை வைத்திருக்கிறேன், அதற்கு மேல் முடியாது என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னாள். "ஒரே ஒரு தடவை யோசிக்காம எழுதுடா. என் கால நினைச்சுக்கோ."

நினைத்துக்கொண்டான். கையேட்டை மனப்பாடம் செய்தான். குளிக்கும்போதுகூட இசை களைப்பைப் போக்கிக்கொண்டிருந்தது. பரீட்சையில் அதே பாட்டுப் பெட்டிக் கேள்விதான் வந்தது. ஒரு வரி விடாமல் கொட்டிவிட்டான். எழுந்து வந்திருந்தால் கதை வேறு. நேரம் மிச்சமிருந்தது, கையில் பேனா இருந்தது. விடைக்குக் கீழே சிறியதாக எழுதினான்: 'மேலே உள்ளது கையேட்டின் விடை. இது சரி என்று எனக்குத் தோன்றவில்லை. மதிப்பெண்ணுக்காக எழுதியிருக்கிறேன்.'

மனசு லேசாகி, விசிலடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

திருத்துகிறவருக்கு எந்தச் சேதியும் எழுதக் கூடாது, எழுதினால் பிட் அடித்ததற்குச் சமம் என்று விடைத்தாளின் பின்னட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். எதையும் புரட்டிப் புரட்டிப் பார்க்கிற புள்ளி, அதை மட்டும் புரட்டிப் பார்க்கவில்லை. 'முறைகேடு செய்தோர்' என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். பிட்டோடு பிடிபட்ட நான்கு பேர், அவர்களுக்குக் கீழே இவன். தெரு படித்தது அதைத்தான்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நடுவில் ஒரு தாடிக்காரர், இரண்டு பக்கமும் தலையாட்ட ஆள்.

"இதை எழுதச் சொன்னது யாரு?" என்றார் தாடிக்காரர்.

"யாரும் சொல்லல சார். நானே யோசிச்சேன்."

"நீயே." பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் சிரித்தார்கள். "அந்த டெம்பரரி அம்மா தூண்டிவிட்டாங்க, அப்படித்தானே? எழுதிக் கையெழுத்துப் போட்டுடு. உன் பேப்பரை திருத்தச் சொல்லிடறோம். பாஸ் ஆயிடுவே."

மேசையில் வெள்ளைத்தாளும் பேனாவும் வைத்தார்கள். அம்மாவின் கால் ஞாபகம் வந்தது. வாளியும் வெந்நீரும் வந்தன. பேனாவை எடுக்கக்கூடச் செய்தான்.

பிறகு கீழே வைத்துவிட்டான். "அவங்க கையேட்டுல இருக்கறதை எழுதுன்னுதான் சார் சொன்னாங்க."

"அதுக்கு என்ன ஆதாரம்?"

"நான் காதால கேட்டேன் சார்."

"வேற யாராவது கேட்டாங்களா?"

"இல்ல. வராந்தாவுல நாங்க ரெண்டு பேருதான்."

"அப்போ நீ அவங்கள காப்பாத்தறதுக்காகப் பொய் சொல்லலாம் இல்லையா?"

அந்தப் பாடத்தை அந்தக் கல்லூரியில் அன்றைக்குத்தான் ஒருவர் ஒழுங்காகப் பிரயோகித்தார்.

பிட் அடித்த நால்வரும் அழுது, மன்னிப்பு எழுதிக் கொடுத்து, அடுத்த பரீட்சையில் உட்கார்ந்தார்கள். இவனுக்கு இனி அந்தக் கல்லூரியில் பரீட்சையே கிடையாது. அந்த அம்மாவையும் எதற்கு வம்பு என்று அனுப்பிவிட்டார்கள். அவரைக் காட்டிக்கொடுத்துக் கையெழுத்துப் போட அவன் மறுத்தது அவருக்குத் தெரியவே தெரியாது. இந்தப் பையனால்தான் தன் வேலை போனது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு போனாராம்.

நாற்காலி சூப்பர்வைசரின் மருமகனுக்குப் போனது. அம்மா இன்னும் இஸ்திரி மேசையில் நிற்கிறாள். எதிர்வீட்டு அக்கா காலர் கதையை அவள் முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

"ஆமா, காப்பி அடிச்சுட்டான்" என்றாள் அம்மா.

உள்ளே இருந்த மகன் வெளியே வந்து, "ஏம்மா இப்படிச் சொல்றே?" என்றான்.

"காப்பி அடிச்சான்னா நாலு பேருக்குப் புரியுது. பாவம்னுகூடச் சொல்றாங்க. எழுதி முடிச்சுட்டு நீயே கெடுத்துக்கிட்டேன்னு சொன்னா, உன்னைப் பைத்தியம்னுதான் சொல்லுவாங்க. எனக்கே புரியல, அவளுக்கு எங்க புரியப்போகுது."

வேறு எங்கேயும் வேலை கிடைக்கவில்லை. முறைகேடு என்ற வார்த்தை எல்லா ஆபீஸுக்கும் அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. இப்போது அந்தக் கையேட்டைத்தான் கட்டுக் கட்டாகப் பிரதி எடுத்துக் கொடுக்கிறான். பாட்டுப் பெட்டிப் பக்கம் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். சில பேர் பிட்டுக்குத் தோதாகச் சிறியதாக்கித் தரச் சொல்வார்கள். அதையும் செய்கிறான். யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. முடிவெட்டுகிறவர் புதிதாக ஓர் எண்ணெய் விற்கிறார். அதை வாங்கித் தேய்த்துக்கொள்கிறான்.

போன வாரம் ஒரு மாணவி, மிஷின் ஓடி முடிவதற்குள் சும்மா இருக்க மாட்டாமல், "அண்ணா, நீங்க காப்பி அடிச்சு மாட்டினீங்களாமே?" என்று கேட்டாள்.

அவன் தாள்களைத் தட்டி அடுக்கி அவள் கையில் கொடுத்தான்.

"நான் அடிக்கல. அடிச்ச நாலு பேரும் பாஸாகி வேலைக்குப் போயிட்டாங்க."