தாம்பரத்தில் தண்டவாளத்தைத் தாண்டிய ஒன்றேகால் மணி நேரம்

தொண்ணூறுகளின் தொடக்கம். வசந்தா அக்காவுக்கு மேற்குத் தாம்பரத்தில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ. பத்து மணிக்குத் தேர்வு. எங்கள் வீடு தண்டவாளத்துக்குக் கிழக்கே, சேலையூரில். மொத்தமே மூன்று கிலோமீட்டர்தான். அக்காவுக்குச் சின்ன வயதில் போலியோ. இடது காலில் அதைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் காலிப்பர், கையில் ஊன்றுகோல்.

துணைக்குத் தம்பி நான். ஒன்பது ஐந்துக்கு ஆட்டோ பிடித்தோம், எட்டு ரூபாய். ஒன்பதே காலுக்கு ரயில்வே கேட்டில் நின்றோம். மூடியிருந்தது. மின்சார ரயில் போனது, சரக்கு ரயில் போனது, கேட் திறக்கவில்லை. மற்றவர்கள் குனிந்து நுழைந்து ஜல்லியில் நடந்து போனார்கள். அக்காவால் குனிய முடியாது.

"எக்ஸ்பிரஸ் ஒண்ணு வர வேண்டியது கீது சார். எப்போ தொறப்பான்னு சொல்ல முடியாது" என்றார் டிரைவர்.

ஒன்பது நாற்பதுக்கு, ஸ்டேஷன் நடைமேம்பாலத்துக்கே போய்விடலாம் என்றாள் அக்கா. அங்கே இறங்கி ஆட்டோவை அனுப்பிவிட்டோம். லிஃப்ட் கிடையாது, சரிவுப் பாதை கிடையாது, படிகள்தான். எதிரே ரயிலிலிருந்து இறங்கிய கூட்டம். இரண்டு முறை இடித்துவிட்டுப் போனார்கள். தூக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். சுவரோரமாகப் படியில் உட்கார்ந்து, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக உந்தி ஏறினாள். இஸ்திரி போட்ட புடவை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

முந்தின மாதம்தான் பழனிக்குப் போயிருந்தோம். அங்கே விஞ்ச் வண்டி, இரும்புக் கயிற்றில் அத்தனை உயரமான மலைக்கு அவளைப் பத்தே நிமிடத்தில் இழுத்துப் போனது. மலைக்கு முடிந்தது, தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் தாண்டும் தண்டவாளத்துக்கு முடியாதா?

கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து இருபது. தேர்வு தொடங்கிவிட்டது. அங்கிருந்த அதிகாரி விண்ணப்பத்திலிருந்த முகவரியைப் பார்த்தார்.

"சேலையூர்தானே? இவ்வளவு பக்கத்துல இருந்துட்டு லேட்டா வரீங்களேம்மா."

"பக்கம்னு நீங்க சொல்றீங்க சார்" என்றாள் அக்கா. அழுக்கான புடவையை மறைக்கக்கூட இல்லை.

உள்ளே விடவில்லை. அதற்குப் பிறகு மேற்குப் பக்க வேலை எதற்கும் அவள் விண்ணப்பிக்கவே இல்லை. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள், வீட்டில் டியூஷன் எடுத்தாள்.

உடன் வருபவரால் படி ஏற முடியாதென்றால், முதல் நாளே போய் வழியைப் பார்த்து வையுங்கள். கேட்டை நம்பாதீர்கள், ஆட்டோவை அனுப்பிவிடாதீர்கள். சீக்கிரம் கிளம்புங்கள் என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று கிலோமீட்டருக்கு அவள் எதற்காக விடியற்காலையில் எழுந்து புறப்பட வேண்டும்?