விலைப் பட்டியல் எழுதிய அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதும்படி அத்தான் என்னிடம் சொன்னார். அக்காவிடம் அதிக அபராதம் கட்டியவன் என்ற முறையில் எனக்குத்தான் அந்தத் தகுதி உண்டாம்.

அக்கா பிறந்தது இந்தத் தீவில், மரைன் ஹில் பகுதியில். அப்பா ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்த கொத்தனார். அவர் தவறியபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது, எனக்கு ஒன்பது. அக்கா தேர்வு எழுதி அரசு வேலையில் சேர்ந்தார். தமக்கென்று ஒரு நல்ல சேலை எடுக்காமல் என்னைப் படிக்க வைத்தார். நான் படித்து முடித்து டெய்ரி ஃபார்ம் பகுதியில் காய்கறிக் கடை வைத்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எந்தக் காயை அதிகபட்சம் என்ன விலைக்கு விற்கலாம் என்று பட்டியல் எழுதுவது அக்காவின் வேலை. எழுதியதோடு விடமாட்டார். அந்தப் பட்டியலைக் கடை முகப்பில் மாட்டியிருக்கிறோமா என்று ஜீப்பில் வந்து பார்ப்பார். தம்பிக்குச் சலுகை காட்டுகிறார் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா, அதனால் ஜீப் முதலில் என் கடை வாசலில்தான் நிற்கும். வீட்டில் "டேய்" என்பவர் கடையில் "நீங்க" என்பார்.

"கடைக்காரரே, கேரட்டுக்கு இதுவா ரேட்டு? போர்டைப் பாருங்க."

"அக்கா, கப்பல் அஞ்சு நாளா வரல. ஃப்ளைட்ல எறக்கியிருக்கேன். கட்டுப்படியாகாது."

"இங்க அக்கா கிடையாது. மேடம்னு சொல்லுங்க. சலான் போடுறேன்."

அன்று மாலையே அத்தான் தூக்குச்சட்டியில் மீன் குழம்போடு வந்து நிற்பார். "அபராதம் கவர்மென்ட்டுக்கு, குழம்பு ஒனக்காம்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சாப்பாட்டிலும் இதே சண்டைதான். அரசாங்கம் விலையில் கை வைக்காமல் இருந்தால் சரக்கு தானாக வரும் என்பேன் நான். "சரக்கு வர்றதுக்குள்ள இல்லாதவன் என்னத்தத் திம்பான்?" என்பார் அக்கா. அத்தான் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு அப்பளத்தை நொறுக்குவார்.

ஒரு மழைக்காலத்தில் கடல் கொந்தளித்துக் கப்பல்கள் நின்றுபோயின. அக்கா மனமிரங்கித் தக்காளிக்கு மலிவாக ஒரு விலை எழுதினார். அந்த விலைக்கு விமானத்தில் கொண்டுவந்து விற்றால் இடுப்பு வேட்டியும் மிஞ்சாது, ஆகவே ஒரு வியாபாரியும் இறக்கவில்லை. ஊரெல்லாம் போர்டில் தக்காளி மலிவு, கூடையில்தான் இல்லை. நான் அக்கா வீட்டுக்கே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். அக்காவும் சும்மா இருக்கவில்லை. மேலிடத்தில் பேசித் தக்காளிக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுக்க வைத்தார். உடனே இறக்கினோம். விலை ஏறிய ஏற்றத்தில் ஹோட்டல்காரர்களைத் தவிர ஒருவரும் கிட்டே வரவில்லை. பாதிச் சரக்கு என் கடையிலேயே அழுகிற்று. இந்த முறை அக்கா என் கடைக்கு வந்து சிரித்தார்.

அக்கா ஓய்வுபெற்ற மறு வருடம், மெயின்லேண்ட் கம்பெனி ஒன்று என் கடைக்கு எதிரிலேயே ஏ.சி. சூப்பர் மார்க்கெட் திறந்தது. நான் கொள்முதல் செய்யும் விலைக்கும் குறைவாக அங்கே வெங்காயம் விற்றார்கள். இரண்டே மாதத்தில் நான் ஈ ஓட்ட ஆரம்பித்தேன். என் மகள் சென்னையில் கல்லூரியில் சேர்ந்திருந்த சமயம் அது. கடை போனால் அவள் படிப்பும் போகும். வெட்கத்தை விட்டு அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, கவர்மென்ட் இதத் தடுக்கணும். இதுக்குக் கீழ விக்கக் கூடாதுன்னு ஒரு ரேட் போடச் சொல்லு. ஒனக்குத்தான் ஆபீஸ்ல ஆள் தெரியுமே."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாருடா பேசுறது? போட்டி இருந்தாத்தான் ஜனத்துக்கு நல்லதுன்னு என் வீட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டே பேசினானே, அவன் எங்க?"

"அது வேற, இது வேறக்கா."

"ஒரு வேறயும் இல்ல. அப்ப லாபம் ஒனக்கு. இப்ப அவனுக்கு."

மனு எழுதித் தர மாட்டேன் என்றுவிட்டார். ஆனால் மறுநாள் பையோடு எதிர்க்கடைக்குப் போனார். ஓய்வுபெற்றது மறந்துவிட்டது போலும். தராசைச் சோதித்தார், பாக்கெட்டுகளில் தேதி பார்த்தார், மேனேஜரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். அந்த ஆள் பதறிப்போய் "ஆயியே மேடம், பைட்டியே" என்று இந்தியில் உபசரித்து நாற்காலி போட்டார். ஒரு மணி நேரம் கழித்து அக்கா என் கடைக்கு வந்தார்.

"தப்பு ஒண்ணும் இல்லடா. ஒன்னவிட சுத்தமா வச்சிருக்கான். கீரையும் வெண்டைக்காயுந்தான் மெயின்லேண்ட்லேருந்து வந்து வாடிக் கிடக்கு. இங்க வெளையிறத விடிஞ்சதும் வாங்கியாந்து நீ வித்தா அவன் என்ன பண்ணுவான்?"

சந்தையே கதி என்று கிடந்த எனக்குத் தோன்றாத யோசனை, காலமெல்லாம் சந்தைக்குக் கடிவாளம் போட்டவருக்குத் தோன்றியது. எந்த விவசாயி எங்கே இருக்கிறார் என்றும் அவரே எழுதிக் கொடுத்தார். கடை பிழைத்தது. மகள் படிப்பை முடித்தாள்.

கடைசி நாட்களை அக்கா அரசு மருத்துவமனையில் கழித்தார். அரசாங்கம் எதையும் நடத்த வேண்டியதில்லை என்று பேசித் திரிந்த நான், அங்கே காசு வாங்காமல் அக்காவைப் பார்த்துக்கொண்டவர்கள் முன் கைகூப்பி நின்றேன். கடையை மூடிவிட்டு மூன்று நாள் அவர் அருகிலேயே இருந்தேன். நான்காம் நாள் காலை கண்ணைத் திறந்து "கடை?" என்றார். மூடியிருக்கிறேன் என்றேன்.

"அறிவிருக்காடா? இத்தன நாள் மூடினா ஜனம் எதிர்க்கடைக்குப் பழகிரும். போ, போய்த் தொற."

போனேன். ஓர் அம்மாளுக்குக் கீரை கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அத்தானிடமிருந்து போன் வந்தது.

நான் இல்லாத அந்த அரை மணி நேரம் அத்தானோடு இருந்து அக்காவின் கையைப் பிடித்திருந்த நர்ஸம்மாவுக்கும், தோட்டத்தை விட்டுவிட்டு ஓடி வந்த கீரைக்காரர்களுக்கும், காரியம் முடியும்வரை தண்ணீர் கேன் அனுப்பிவிட்டு, பில் கேட்டபோது கோபித்துக்கொண்ட எதிர்க்கடை மேனேஜருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா போட்ட உத்தரவு ஒவ்வொன்றையும் எதிர்த்து வாதாடியவன் நான். மறுபேச்சில்லாமல் கேட்டு நடந்தது அந்தக் கடைசி உத்தரவை மட்டும்தான். அதையும் எதிர்த்திருக்கலாம்.