நீலப் பொட்டு

எங்களுக்கு நாற்பது ஆடுதான் பிழைப்பு. ஆடுகளுக்குத் தடுப்பூசி முகாம் என்றால் கழுகுமலைக்கே நடத்திக்கொண்டு போய் முதல் ஆளாக நிற்பேன். ஆனால் நாலு வயது மகள் செல்விக்குத் தட்டம்மை ஊசி போடவே இல்லை. யாரோ போனில் அனுப்பிய வீடியோவைப் பார்த்துப் பயம். நர்சம்மா ஊருக்கு வரும் நாளெல்லாம் பிள்ளையைக் கடம்பூரில் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

போன மாதம் பக்கத்து ஊரில் ஒரு பிள்ளை தட்டம்மை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது. அப்போதும் நான் அசையவில்லை.

அந்த வாரம் ஆட்டு முகாம். ஊசி போட்ட ஆட்டின் நெற்றியில் நீலச் சாயம் வைத்தார்கள். கூட வந்த செல்வி, கால்நடை டாக்டரிடம் போய்த் தன் நெற்றியைக் காட்டினாள்.

“எனக்கும் வைங்க.”

“ஊசி போட்டாத்தான் சாயம், தாயி.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “ஆட்டுக்கு மட்டும் போடுதீய. எனக்கு ஏம்ப்பா போடல?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

மறுநாளே அவளைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனேன். நர்சம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, இன்னைக்குக் கடம்பூர் பஸ் வரலையா?”

ஊசி போட்டதும் செல்வி ஒரு பாட்டம் அழுதாள். பிறகு நெற்றியை நீட்டினாள். நர்சம்மா சிரித்துக்கொண்டே ஸ்டாம்ப் பேடில் விரலை ஒற்றி ஒரு நீலப் பொட்டு வைத்தார்.

சாயங்காலம் பட்டியில் ஆடுகளை எண்ணினேன். நடுவில் அவளும் நின்றாள். நீல நெற்றி நாற்பத்தொன்று. இத்தனை நாளும் ஒன்றை விட்டுவிட்டுத்தான் எண்ணியிருக்கிறேன்.