கடிகாரம் மட்டும் தெரிந்த போட்டோ

பழைய மானிட்டர் பக்கத்தில் கையைக் கொண்டு போனால் கையில் இருக்கிற முடியெல்லாம் எழுந்து நிற்குமே, ஞாபகம் இருக்கிறதா? கூடவே சூடேறிய தூசியின் வாசம் வேறு...

தேனி பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில்தான் எனக்கு முதல் வேலை. நாலு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு போன். நெட் வேகத்தை மட்டும் கேட்காதீர்கள். ஆமைக்குக் கோபம் வரும்.

செல்வராணி அங்கேதான் எனக்குப் பழக்கம். கடமலைக்குண்டிலிருந்து கைக்குழந்தையோடு பஸ் ஏறி வருவாள். துணைக்கு அவள் நாத்தனார் பேச்சியக்கா. புருஷன் பாண்டிக்கு மஸ்கட்டில் வேலை. அவர் போன பிறகு பிறந்த பெண் குழந்தை. இன்னும் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்து தங்காமல் போய்விட்டது. அப்போதும் அவர் அங்கேதான். சேதியை அவரிடம் உடனே சொல்லவில்லை, கொஞ்ச நாள் மறைத்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார்கள். இதெல்லாம் பின்னால் தெரிந்து கொண்டது.

அதனால் இந்தப் பிள்ளைக்குப் பேச்சியக்காவின் காவல் பலம். "பச்சப்புள்ளய தனியா போட்டோ எடுக்கப்படாது" என்று ஒரே பிடிவாதம். ஸ்டுடியோக்காரரை வீட்டுக்கே வரவழைத்து, மொத்தக் குடும்பமும் நின்று எடுத்தார்கள். பாண்டி வாங்கி அனுப்பிய சுவர்க்கடிகாரமும் படத்தில் விழ வேண்டுமாம், அவர் பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று. பிள்ளை கீழே வலது ஓரத்தில், செல்வராணி மடியில். பாதிக் கன்னத்துக்குத் திருஷ்டிப் பொட்டு.

ஸ்டுடியோக்காரர் போட்டுக் கொடுத்த சிடியில் இருந்ததை அப்படியே மெயிலில் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை, அவருக்கு லீவு நாள், போன் வந்தது. செல்வராணியும் பேச்சியக்காவும் அதற்காகவே வந்து காத்திருந்தார்கள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"கடியாரம் தெரியுது. செவுரு தெரியுது. புள்ள எங்க?"

"எம்மடியிலதேன் மாமா இருக்கா... நல்லாப் பாருங்க."

"போன தடவ மாதிரி எதையும் மறைக்கிறீகளா? எதுவா இருந்தாலும் சொல்லிருங்க."

செல்வராணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். மடியில் பிள்ளை காலை உதைத்துக்கொண்டு கிடக்கிறது, அங்கே அப்பன் அது இருக்கிறதா இல்லையா என்று தவிக்கிறான்.

என்ன நடந்தது என்று நம் கம்ப்யூட்டரில் அதே மெயிலைத் திறந்ததும் புரிந்துவிட்டது. இங்கேயும் கடிகாரம்தான்! கேமரா எடுத்த படத்தின் அகலம் இரண்டாயிரம் புள்ளிக்கு, அதாவது பிக்சலுக்கு, மேல். அன்றைய மானிட்டரின் அகலம் எண்ணூறு. பிரவுசர் அப்போதெல்லாம் படத்தைச் சுருக்கிக் காட்டாது. புள்ளிக்குப் புள்ளி, இடது மேல் மூலையிலிருந்து கொள்ளும் மட்டும் காட்டும். ஜன்னல் வழியாகத் தேர் பார்த்த கதைதான். வலது பக்கமும் கீழேயும் தள்ளிப் பார்க்கலாம் என்று பாண்டிக்கு யார் சொல்வது? மெயிலைத் திறந்து கொடுத்த நண்பர் கிளம்பிப் போய்விட்டாராம். அவர் உட்கார்ந்திருந்ததும் இதே மாதிரி ஒரு பிரவுசிங் சென்டரில், பின்னால் வரிசை வேறு.

படத்தைச் சின்னதாக்கி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி போன்.

"தங்கச்சி, எல்லாரும் எறும்பு கணக்கா இருக்காக. திருஷ்டிப் பொட்டு மட்டுந்தேன் தெரியுது, புள்ளயக் காணோம்."

அழுதுகொண்டிருந்த செல்வராணிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, பிள்ளையை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பிடலாம்" என்றேன். அவ்வளவுதான், பேச்சியக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"ஏத்தா, என்ன பேச்சு பேசுற? புள்ளய வெட்டுறதாவது!"

படத்தைத்தான் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அவருக்கு அந்தச் சொல்லே ஆகவில்லை. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டு மனுஷி, கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

"ஆத்தா கையி கூட இருக்கட்டும். தனியா விடாத."

பெரிய படத்தைத் திறந்து, பிள்ளையோடு செல்வராணியின் வளையல் போட்ட கையும் சேர்த்து எடுத்தேன். பிள்ளையை மறைத்த அந்த அகலமே இப்போது கைகொடுத்தது. ஓரமாகக் கிடந்த அந்தச் சின்னத் துண்டே மானிட்டரை நிறைத்தது.

அனுப்பினேன். போன் வந்தது.

மெதுவாக, "மூக்கு எங்கக்கா மூக்கு" என்றார். பேச்சியக்கா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இப்போது எவ்வளவு பெரிய படத்தைத் திறந்தாலும் போனே சுருக்கித் திரைக்குப் பொருத்திக்கொள்கிறது. தள்ள வேண்டாம், சுருக்க வேண்டாம். என் போனில் இருக்கும் போட்டோக்களைத் திரும்பிப் பார்க்கக்கூட எனக்கு நேரமில்லை. அன்றைக்கு ஒரு படத்துக்கு எத்தனை காத்திருப்பு...

போன மாதம் தேனியில் பாண்டியைப் பார்த்தேன். ஊரோடு வந்துவிட்டார். பெண் காலேஜ் படிக்கிறாள். "இந்தா பாரு தங்கச்சி" என்று பழைய மெயிலைத் திறந்து அந்தப் படத்தைக் காட்டினார். பெரிய போன், பளபளவென்ற திரை. நடுவில் தபால்தலை அளவுக்குப் பிள்ளையும் வளையல் கையும். படம் அதே படம்தான், அதே புள்ளிகள்தான். திரைகள்தான் மாறிவிட்டன, அவற்றின் புள்ளிகள் பொடியாகி நெருங்கிவிட்டன.

பழக்க தோஷத்தில் இரண்டு விரலை வைத்துப் பெரிதாக்கப் போனேன். சட்டென்று போனை இழுத்துக்கொண்டார்.

"வேணாம் தங்கச்சி, கலங்கிப் போயிரும்."

சட்டையில் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இப்ப இத்துனூண்டா தெரியுது. அன்னைக்கு அந்தப் பொட்டி பூராம் எம்புள்ளதேன்."