அப்துல் நாசரின் ஒற்றை வாசல்

"என்னைக் கேக்காம இந்தக் கம்பெனியில ஒரு ஈ கூட இன்டர்நெட்டுக்குப் போக முடியாதுங்க. மூணு ஊருக்கும் ஒரே வாசல். அதுல நான் நிக்கிறேன்."

கோவைத் தலைமை அலுவலகத்தில், முதலாளி முன்னிலையில், கம்ப்யூட்டர் பிரிவைக் கவனிக்கும் அப்துல் நாசர் இப்படி அருளிச்செய்தார். தென்னைநார் ஏற்றுமதிக் கம்பெனி அது. பொள்ளாச்சியிலோ பவானியிலோ யார் எதைத் திறந்தாலும் முதலில் கோவைக்கு வந்து, நாசரின் ஃபயர்வால் என்ற காவல் பெட்டியில் சோதனை முடிந்த பிறகே வெளியுலகம் பார்க்கலாம். ஒரு வாரம் மூச்சுக் காட்டாத கிளைக்கு இன்டர்நெட் தானாகப் பூட்டிக்கொள்ளும். திறக்க அவர் நாற்காலியில் அவரே உட்கார வேண்டும்.

ஆரம்பத்தில் பொள்ளாச்சியிலிருந்து தினமும் போன் வரும், "ஏனுங்க, நெட்டு நகர மாட்டேங்குதுங்க" என்று. அப்புறம் குறைந்தது. அப்புறம் நின்றேபோனது. கிளை திருந்திவிட்டதாக நாசர் அகமகிழ்ந்தார்.

ஒருநாள் காலையில் பார்த்தால், வெளியே போகும் பாதையில் பொள்ளாச்சியின் சுவடே இல்லை. பூட்டும் விழுந்திருந்தது. ஆனால் பொள்ளாச்சியின் மெயில்கள் தவறாமல் வந்துகொண்டிருந்தன, செத்தவர் வீட்டிலிருந்து நலம் விசாரிப்பது மாதிரி. 

"நாசர்ண்ணா, என் பாஸ்வேர்டை யாரோ மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கறாங்கண்ணா. எச்சரிக்கை வந்துட்டே இருக்குது" என்றாள் கணக்குப் பிரிவு பிரவீனா.

தட்டுவது யார் என்று தெரியவில்லை. ஆனால் தட்டும் சத்தம் பொள்ளாச்சிப் பக்கமிருந்து, கிளைகளைக் கோவையோடு இணைக்கும் உள்பாதை வழியாக வந்தது. கணக்கு களவு போனால் தன் வேலையும் போகும். நாசர் உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினார்.

கிளை மேனேஜர் பாலுசாமி இளநீரோடு வரவேற்றார். மேசைக்கடியில் ஒரு மஞ்சள் ஒயர், ஜன்னல் வழியே தெருக் கம்பத்துக்குப் போயிருந்தது.

"என்னதுங்க இது?"

"கேபிள்காரரு குடுத்த லைனுங்க. உங்க நெட்டுல பில்லு போட்டு முடிக்கறதுக்குள்ள பச்சை மட்டையே நாராப் போயிருதுங்க."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்லங்க?"

"உங்க மனசு சங்கடப்படுமேன்னு வுட்டுப்போட்டமுங்க."

ஆக, மரியாதை கெடாமல், காவலில்லாத ஒரு ஒயரால் மூன்று ஊருக்கும் பின்சுவரை இடித்திருந்தார்கள். நாசர் ஒயரைப் பிடுங்கினார். பச்சை விளக்கு அணைந்தது. பிரவீனாவுக்குப் போன் போட்டார்.

"எச்சரிக்கை நின்னுருச்சுங்கண்ணா."

அவர் நிமிர்வதற்குள் வெளியே லாரி ஹாரன் அடித்தது. சரக்கு ஏற்றியாகிவிட்டது. ஆன்லைனில் பில் போட்டால்தான் வண்டி நகரும். பொள்ளாச்சிக்குப் பூட்டு. திறக்கும் நாற்காலி கோவையில். செல்போன் நெட்டைக் கொடுக்கலாமென்றால், எந்தக் கம்ப்யூட்டரும் அதை ஏற்காதபடி அடைத்துவைத்தவரும் அவரேதான்.

முதலாளி போனில் வந்தார். "நாசரு, தூத்துக்குடியில கப்பல் நமக்காக நிக்காது. வண்டி கெளம்பிருச்சா?"

"இதோ ஒரு நிமிசமுங்க."

பாலுசாமி மிகுந்த மரியாதையோடு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

நாசர் குனிந்து ஒயரைச் செருகினார். பச்சை விளக்கு சிமிட்டியது. பில் இன்னும் திரையில் வரவில்லை. அதற்கு முன்னால் பிரவீனாவின் போன் வந்துவிட்டது.