படத்தில் அப்பா மனம் மாறுகிறார்

விஜியக்கா இறந்த செய்தி எனக்குச் சுவர் வழியாக வந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும்; அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். அக்கா உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டே லீவு நாட்களில் கொழுந்து பறிக்கப் போவார். நேற்றுச் சனிக்கிழமை மலையில் குளவி கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று அவருடைய அம்மா கதறினார்.

நான் வயதுக்கு வந்து தனியாக உட்கார்ந்திருப்பதால், இன்று பிரேதத்தைப் பார்க்க விடவில்லை. அவரைப் பிரேதமாக மட்டும் பார்த்தவர்களுக்காக, அப்படிப் பார்க்காத நான் இதை எழுதுகிறேன். அப்பா விழித்தால், நான் எழுதும் இந்தக் கொப்பியையும் பிடுங்கிக்கொள்வார்.

போன மாதம் பள்ளி வாசகர் வட்டத்தில் ஒரு நாவலையும் அதைத் தழுவிய படத்தையும் ஒப்பிட்டோம். இரண்டிலும், பெரியவளான மகளைப் பள்ளிக்கு அனுப்ப அப்பா மறுக்கிறார். படத்தின் முடிவில் அவர் மனம் மாறி, அவளைக் கைபிடித்துக் கூட்டிப் போகிறார். நாங்கள் எல்லோரும் அழுதோம். விஜியக்கா அழவில்லை.

"புத்தகத்துல அந்த ஆளு கடைசிவரைக்கும் மாறலையே. அவளாத்தானே போறா? படத்துல அவ செஞ்சத புடுங்கி அப்பாகிட்ட குடுத்துட்டாங்க."

"அப்ப படம் பொய்யாக்கா?"

"பொய்யின்னு இல்லடி. அந்த மாதிரி அப்பா எல்லா வீட்லயும் இருக்க மாட்டாங்க."

போன வாரம் விஜியக்கா என்னைப் பார்க்க வந்தார். அம்மா எனக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"படத்துல அந்தப் பொண்ணு இதச் சிரிச்சிக்கிட்டே குடிக்கிறா. எங்க, நீ குடி பாப்போம்!" என்றார் அக்கா.

குடித்தேன். வாந்தி எடுத்தேன். "அப்ப நீ புத்தகத்து ஆளு" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நாளை எனக்குச் சாதாரண தரப் பரீட்சை, பதினோராம் வகுப்பின் பொதுப் பரீட்சை, தொடங்குகிறது. சடங்கு முடியாமல் வாசல் தாண்டக்கூடாது என்பது அப்பாவின் முடிவு. வெள்ளிக்கிழமை விஜியக்கா அவரிடமே கேட்டார்.

"மாமா, பரீட்ச மண்டபத்துல யாரும் தீட்டு பாக்கமாட்டாங்க."

"அடுத்த வருசம் எழுதட்டும். நீ ஒன் வேலையப் பாரு புள்ள."

அன்று இரவு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "மாமா மாறமாட்டாருடி. காத்துக்கிட்டு இருக்காத" என்றார். அதற்குப் பிறகு அவர் குரலை நான் கேட்கவில்லை.

காலையில் அப்பாவிடம் பரீட்சைக்குப் போகிறேன் என்று சொல்வேன். பயமாக இருக்கிறது. அவர் சம்மதிப்பார் என்ற நம்பிக்கை எனக்கில்லை. சம்மதிக்காவிட்டாலும் போகலாம் என்பதுதான் விஜியக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது. சீருடையைப் போட்டுக்கொண்டுதான் அவர் முன்னால் நிற்பேன்.